எலூத்தேரியோவின் இரும்புப் பெட்டி

எங்கள் பெத்தேன் காட்டில் ஜாகுவாரைப் படமெடுக்க மரத்தில் கட்டிய கேமராக்களை வேட்டைக்காரர்கள் வெட்டுக்கத்தியால் கொத்திப் போட்டார்கள். வெல்டிங் பட்டறை எலூத்தேரியோவுக்கு வீம்பு ஏறியது. பழைய லாரி இரும்பில் கேமராவுக்குப் பெட்டி செய்து, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டுப் பூட்டினான். சாவியை மாதா பதக்கத்தோடு கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"சாவிய பெட்டியிலயே தொங்க விடுய்யா. கேமராதானே, போனா போகட்டும்," என்றாள் மனைவி தொமித்திலா.

"எவன் ஒடைக்கிறான்னு பாத்துடறேன்டி!"

எவனாலும் உடைக்க முடியவில்லை. வேட்டைக்காரர்களின் முகங்களோ கேமராவில் பதிந்துவிட்டன. அதனால் சாவியைத் தேடி வந்தார்கள்.

சோளக்கொல்லையில் பிணமாகக் கிடந்த எலூத்தேரியோவின் கழுத்தில் பதக்கம் மட்டும் இருந்தது. காட்டில் பெட்டி பூட்டியபடியே இருந்தது. ஓட்டை வழியே பார்த்தால் உள்ளே கேமரா இல்லை.

தொமித்திலா பெட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"ஒரு கீறல் விழல, பாருங்க."