ஒரு லைன், ஆறு பேரலல்

ராதாமணி மேடம் டயல் டோன் வருகிறதா என்று பார்க்க ரிசீவரை எடுத்தார். டயல் டோனுக்குப் பதில் ஒரு பெண்குரல் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"யாரு எடுத்தது? மத்தவங்க வையுங்க."

மேடம் எங்கள் ஜேடிஓ, மலையாளி. இரண்டு எக்ஸ்சேஞ்சுக்கு அதிகாரி. அவரிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. சொன்னபடி வைத்துவிட்டார்.

"முருகேசன், இந்த லைன்ல வேற ஆரா உள்ளது?"

"கேபிள் மழைல நனைஞ்சு வேற லைன் பேச்சு கலந்திருக்கும், க்ராஸ் டாக் மேடம்" என்றேன். மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

நான் டெலிபோன் மெக்கானிக். சொந்த ஊர் களியக்காவிளைப் பக்கம். வேலை முழுக்கத் திருவனந்தபுரம் மாவட்டத்தில். இது நடந்த இடம் வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயம். எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள். எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள். கோடியில் தொழிலாளர் க்ளப். அந்த க்ளப்பில் பஞ்சாயத்து ஒரு கம்ப்யூட்டர் வைத்தது. அங்கே இருந்த பழைய ஃபோன் லைனிலேயே நாங்கள் பிராட்பேண்ட் கொடுத்தோம். அந்த மலைக்கே முதல் கனெக்ஷன். மறுநாள் திறப்பு விழா. மோடத்தில் லிங்க் விளக்கு பத்து நிமிடம் ஒழுங்காக எரியும். பிறகு கண் சிமிட்டும். பிறகு அணையும். அதைப் பார்க்கத்தான் மேடமே ஜீப்பில் ஏறி வந்திருந்தார்.

மேடத்தின் கேள்விக்கு உண்மையான பதில், ஆறு வீடு. போட்டது யார் என்று கேட்டால், நான்.

நான் செய்த சேவை

தொண்ணூறுகளில் ஃபோனுக்கு மனு கொடுத்தால், பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதுதான் கனெக்ஷன் வரும். லயத்துக்கு க்ளப் ஃபோன் ஒன்றே கதி. ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால், ஓடி வந்து எடுப்பதற்குள் கட்டாகிவிடும். பார்க்கப் பாவமாக இருந்தது. டீயும் பலாச்சுளையும் கொடுத்துக் கேட்டபோது இன்னும் பாவமாக இருந்தது. க்ளப் லைனிலிருந்து ஒயர் இழுத்து ஆறு வீட்டுக்குப் பேரலல் போட்டுக் கொடுத்தேன். ஆபீசுக்குத் தெரியாமல்தான்.

மணி அடித்தால் ஆறு வீட்டிலும் அடிக்கும். ஆறு பேரும் எடுப்பார்கள். கூப்பிட்டவர் வீட்டுப் பெயரைச் சொன்னதும், அந்த வீட்டுக்காரர் "மத்தவங்க வையுங்க" என்பார். ஐந்து ரிசீவர் வைக்கிற சத்தம் வரவேண்டும். பெரும்பாலும் மூன்றுதான் வரும். லயத்தில் ரகசியம் என்று எதுவும் இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு.

பேச்சுக்கு இந்த ஏற்பாடு தாங்கும். பிராட்பேண்டுக்குத் தாங்காது. சிக்னல் ஒவ்வொரு கிளை ஒயரிலும் புகுந்து, முட்டி, திரும்பி வந்து லிங்க்கைக் குலைக்கும். இதைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதில் நான் கெட்டிக்காரன்.

ஐந்து மணிக்குள்

அன்று கம்ப்யூட்டர் முன்னால் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்கும் தங்கம்மாவின் மகள். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வில் ரேங்க் வாங்கியிருந்தாள். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்ற பட்டியலை அன்று மாலை ஐந்து மணிக்குள் இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் சீட் இல்லை. அன்று பார்த்து ஹர்த்தால். பஸ் இல்லை, வித்துராவில் கஃபேயும் திறக்கவில்லை. எங்களை இறக்கிவிட்ட ஜீப்பும் வேறொரு ஃபால்ட்டுக்குப் போய்விட்டது. ஆறு மணிக்குத்தான் திரும்பும். அவள் மூன்று முறை பாதிப் பட்டியல் வரை போய், மூன்று முறையும் லிங்க் விட்டிருந்தது.

மேடம் முடிவைச் சொன்னார். "லைன் முழுக்க நடந்து பார்க்கணும். ரெண்டு நாள் ஆகும். பேரலல் போட்டவன் ஆரானாலும் சார்ஜ் மெமோ கிட்டும், அது உறப்பு."

"அப்போ இன்னிக்கு?" என்றாள் எஸ்தர். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. மணி மூன்றே கால்.

நான் கட்டிங் ப்ளையரை எடுத்தேன். "மேடம், எனக்கு ஒரு ஊகம் இருக்கு."

முதல் ஜாயின்ட் க்ளப் ஓட்டுக்கு அடியில். வெட்டினேன். இரண்டாவது, பலாமரக் கிளைக்குப் பின்னால். மூன்றாவது, வெந்நீர் அடுப்புப் புகைக்குழாயோடு கட்டியிருந்தது.

"நல்ல ஊகம்" என்றார் மேடம், பின்னாலேயே நடந்தபடி.

நான்காவது வீட்டில் பொன்னுத்தாய் வழிமறித்தாள். "அண்ணாச்சி, எங்க அக்கா மகளுக்கு இன்னிக்கோ நாளைக்கோ பிரசவம். ஃபோன் வரும். நீங்க போட்டுத் தந்த ஒயரை நீங்களே வெட்டுதியளா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் பலாமரத்தைப் பார்த்தேன்.

"அஞ்சு மணிக்கு மேல திருப்பி மாட்டிருவியள்லா?" என்று பொன்னுத்தாய் மேடத்தையே சாட்சி வைத்துக் கேட்டாள்.

ஐந்தாவதையும் வெட்டியாயிற்று. லிங்க் இன்னும் சிமிட்டியது. மணி நாலு இருபது. ஆறாவது எந்த வீடு? நினைவில்லை. யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று அவ்வளவு திறமையாக ஒளித்திருக்கிறேன். அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம் என்று அன்றுதான் தெரிந்தது.

வேறு வழியில்லை. இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று சத்தமாகக் கேட்டேன். "நான் போட்ட ஆறாவது பேரலல் யார் வீட்டுல?"

லயம் முழுக்க வாசலுக்கு வந்தது. எல்லாருடைய கண்ணும் மேடத்தின் மேல். பிறகு ஒருவர் தொடங்கினார். "நீங்க என்னத்தப் போட்டிய? ஒண்ணும் போடலியே."

"அண்ணாச்சி அப்படிப்பட்ட ஆளு இல்ல மேடம்."

"இவரு கம்பியைத் தொட்டே நாங்க பார்த்தது இல்ல" என்றாள் பொன்னுத்தாய். அவள் வீட்டு ஒயர் அப்போதும் என் கையில் இருந்தது.

பிடிபட்டவன் தப்பிக்கக் கெஞ்சுவான். நான் என்னைக் காட்டிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "போட்டது நான்தான். சத்தியமா நான்தான். மேடம், நீங்களாவது நம்புங்க."

"எனிக்கு முன்னாலேயே விஸ்வாசம் வந்தாச்சு" என்றார் மேடம்.

நாலு நாற்பதுக்குத் தங்கம்மா முன்னால் வந்தாள். எஸ்தரின் அம்மா. "எங்க வீடுதான். ஃபோன் எப்பவோ கெட்டுப் போச்சு, ஒயர் மட்டும் சாமி படத்துக்குப் பின்னால இருக்கு."

"மகளுக்குச் சீட்டு போகப் போகுது, இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா உங்க வேலை போயிருமே" என்றாள். பிறகு, "போனா போட்டும்னு இப்பத்தான் மனசு வந்துச்சு" என்றாள்.

வெட்டினேன். விளக்கு பச்சையாக நின்றது. நாலு ஐம்பத்தி மூன்றுக்கு எஸ்தர் கடைசி பட்டனை அமுக்கினாள். யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் மூச்சுதான் விட்டோம்.

மேடம் நான்கு வெள்ளைத் தாள் எடுத்து என் முன்னால் போட்டார். "இந்த லயம் மாத்திரம் இல்லன்னு எனிக்குத் தெரியும். எல்லாம் வரைஞ்சு தா." வரைந்தேன். தாள் போதவில்லை. அந்தப் படத்தை வைத்துத்தான், யார் யாருக்கு ஃபோன் தேவை என்று பார்த்து, வீட்டுக்கு வீடு தனிக் கனெக்ஷன் கொடுத்தார்கள். பொன்னுத்தாய்க்கு முதலில். அக்கா மகளுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு அதற்குள் பல் முளைத்திருந்தது.

மெமோவும் சொன்னபடியே வந்தது. அதற்குள் எஸ்தருக்குச் சீட்டும் கிடைத்திருந்தது. என் விளக்கத்தை டைப் செய்து மெயிலில் அனுப்பியவள் அவள்தான், அதே க்ளப்பிலிருந்து. நான் எழுதிய நான்கு பக்கச் சாக்கை அரைப் பக்கமாகக் குறைத்துவிட்டாள். வேலை தப்பியது.

புதிதாக ஃபீல்டுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். கேபிளில் எதைச் செய்தாலும் அன்றைக்கே படம் வரைந்து வையுங்கள். தப்பாகச் செய்தால் கட்டாயம் வரையுங்கள். சரியாகச் செய்ததைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்.