பெரியத்தையினாலே

தாடிக்கொம்பு சாலையில் இருக்கிற இறையியல் கல்லூரியின் சமையற்கட்டுக்கு செபாஸ்தியம்மாள் வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் அங்கே என்ன பாடம் நடக்கிறது என்பது சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். குருமாணவர்களும் கன்னியர்களும் தட்டோடு உட்கார்ந்தால் விவாதமும் கூடவே உட்கார்ந்துவிடும். மனிதன் திருந்துவதற்குக் கடவுளின் அருள் முந்துகிறதா, அவனுடைய முயற்சி முந்துகிறதா என்று ஒரு நாள் சாம்பார் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எது வேணாலும் முந்தட்டும் சாமி, மொதல்ல வெஞ்சனத்த வச்சுக்கங்க" என்று கரண்டியோடு போய் நின்றாள். அந்த வாக்குவாதம் அத்தோடு முடிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் மகள் ஐரின், டீச்சர் வேலையை விட்டுவிட்டு அதே கல்லூரியில் முதுகலைக்குச் சேர்ந்தாள். அம்மா சமைக்கிற இடத்தில் மகள் படிக்க ஆண்டவர் வழிவிட்டாரே என்று செபாஸ்தியம்மாள் தினமும் நன்றி சொன்னாள். மகள் தட்டில் சோறு வைக்கையில் மட்டும் கை ஒரு கரண்டி கூடுதலாகச் சாய்ந்துவிடும். கூடச் சமைக்கிற பேச்சாயி அதைக் கவனிக்காமல் விடமாட்டாள்.

"ஏக்கா, அந்தப் புள்ள பொஸ்தகம் படிக்குதா, மூட தூக்குதா? இம்புட்டு வைக்கிற!"

ஐரினின் ஆய்வு, கிராமத்து சனங்களின் செபங்களில் அருள் என்பது எப்படி வருகிறது என்பதைப் பற்றியது. அதற்காக வயதானவர்கள் சொல்லும் பழைய செபங்களை போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா பக்கத்திலும் போனை வைத்தாள்.

"நீ அடுப்படியில சொல்வியே, அந்தப் பழைய மாதா செபம். அதச் சொல்லும்மா."

கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து செபாஸ்தியம்மாளும் ‘அருள் நிறைந்த மரியே’ என்றுதான் சொல்வாள். தனியாக இருக்கும்போது வாயில் வருவது அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது. கீரையைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, கண்ணை மூடினாள்.

"பெரியத்தையினாலே பூரண மரியாயே வாழ்க..."

ஐரின் பதிவை நிறுத்தினாள். "யாரும்மா பெரியத்தை?"

"யாரா? எலிசபெத்தம்மாதான். வயித்துப்புள்ளையோட மாதா மலங்காட்டுக்கு நடந்து போயி மூணு மாசம் இருக்கலையா? அந்த அத்தை நல்லா ஆக்கிப்போட்டுத் தேத்தி அனுப்புச்சு. அதுனாலதான் மாதா பூரணமா இருந்துச்சு. இதக்கூடவா ஒங்க காலேஜில சொல்லித்தரல?"

ஐரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அய்யோ அம்மா! அது பிரியதத்தம். பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே. அந்தக் காலத்துல அருளுக்கு அதுதான் வார்த்த. அத்தையும் இல்ல, சித்தியும் இல்ல!"

செபாஸ்தியம்மாள் சிரிக்கவில்லை. கீரையைக் கையில் எடுத்தாள், ஆனால் உருவவில்லை.

"அப்ப நாப்பது வருசமா நான் சொன்னது?"

"விடும்மா, அது ஒரு வார்த்ததான."

மகளுக்கு அது ஒரு வார்த்தை. அவளுக்கு அப்படியில்லை. ஐரின் வயிற்றில் இருந்தபோது புருசன் சூசை திருப்பூரில் மில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் ஒற்றை ஆளாகக் கிடந்து சோறு இறங்காமல் துவண்டவளை, நத்தத்தில் இருந்த ஜெயமேரி பெரியத்தை வந்து கையோடு கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மாதம். புளியந்தோப்பு ஓரத்து வீடு. கருவாட்டுக்குழம்பும் ரசமும் மாறிமாறி வரும். "இன்னும் ஒரு வாயி, இன்னும் ஒரே வாயி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் பெரியத்தை. அன்றிலிருந்து செபத்தின் அந்த முதல் வார்த்தை தன்னையே சொல்வதாக செபாஸ்தியம்மாளுக்கு இருந்தது. இப்போது அதுவே தப்பு என்றால், சொன்ன செபமெல்லாம் எங்கே போயிருக்கும்? அதே மாதிரி சொல்லிக்கொண்டே கண் மூடிய அம்மாவின் செபம்?

ஏன் வாடிக்கிடக்கிறாய் என்று அன்றிரவு ஐரின் கேட்டபோது நத்தத்துக் கதையைச் சொன்னாள், ஆனாலும் மனசு ஆறவில்லை. செபமாலையை எடுத்தால் முதல் மணியிலேயே விரல் நின்றது. சரியான வார்த்தையைப் பழகத் தொடங்கினாள். வெங்காயம் உரிக்கையில் முணுமுணுப்பாள். பிரியதத்தத்தினாலே. நாக்கு எங்காவது இடறும்.

"என்னக்கா, ஒரு வாரமா தத்தத்தத்துன்னு தாளம் போடுற? நாடகத்துல சேந்துட்டியா?" என்றாள் பேச்சாயி.

பங்குனியில் ஆய்வேடு முடிந்தது. ஐரின் ஓடிவந்து, "ஒன் பெரியத்தைக்குத் தனியா ஒரு அதிகாரமே எழுதியிருக்கேம்மா!" என்றாள்.

"என் தப்பப் போயி அச்சடிச்சியா பாவி மகளே?" என்றாள் செபாஸ்தியம்மாள். யாராவது கேட்டால் சரியாகச் சொல்லிக்காட்டி, மகளுடைய மானத்தைக் காப்பாற்றுவது என்று அன்றே முடிவு செய்துகொண்டாள்.

வாய்மொழித் தேர்வு நாளில், டீ கொண்டு போக வேண்டிய முறை அவளுடையது. தட்டோடு கதவருகே வந்தபோது, திருச்சியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த வயதான சாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். "உச்சரிப்புப் பிழைய இறையியல்னு சொல்ல வர்றியாம்மா?"

"பிழைதான் ஃபாதர்" என்றாள் ஐரின். "ஆனா அருள்னா என்னன்னு நான் ரெண்டு வருசமா படிச்சேன். பசிச்சவளுக்குப் பக்கத்துல உக்காந்து இன்னும் ஒரு வாயின்னு சொன்ன ஆளுதான் அருள்னு எங்கம்மா அந்தப் பிழைக்குள்ள வச்சிருக்காங்க. அதவிடத் தெளிவா எனக்குச் சொல்ல வரல."

வழிநடத்தும் பேராசிரியர் சார்லஸ் ஃபாதர் வாசல் பக்கம் கை காட்டினார். "அந்த அம்மாவே வந்துட்டாங்க."

தேர்வாளர் திரும்பினார். "சொல்லுங்கம்மா, கேப்போம்."

தட்டை மேசையில் வைத்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். ‘பிரிய...’ என்று நாக்கு கிளம்பியது. கிளம்பின இடத்திலேயே நத்தத்து வீடும், ரசத்தின் வாசமும், தோளில் இருந்த அத்தையின் கையும் வந்து நின்றன.

"பெரியத்தையினாலே பூரண மரியாயே வாழ்க" என்று சொல்லிவிட்டாள். வந்தது வந்துவிட்டது. நிறுத்தாமல், ‘திருவயிற்றின் கனியாகிய சேசு’ என்பது வரை சொல்லி முடித்து, தலைகுனிந்து நின்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர் எழுந்து நின்றார்.

"அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று, கோயிலில் கூட்டம் பதிலாகச் சொல்லும் மறுபாதியைப் பழைய வார்த்தையிலேயே தொடங்கினார். சார்லஸ் ஃபாதர் சேர்ந்துகொண்டார். பின்னால் இருந்த மாணவர்களுக்குப் பழையது தெரியாது. அவர்கள் புதியதைச் சொன்னார்கள். வார்த்தைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஆமென்னில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

அடுப்படியில் இத்தனை காலம் இரண்டு பாதியையும் அவளேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று, அவள் சொன்னதற்கு மறுபாதி வெளியிலிருந்து வந்தது. அம்மா சொன்னதும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அந்த நிமிடம் அவளுக்கு உறுதியானது. கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து டீயை எடுத்துக் கொடுத்தாள். ஐரின் தேறிவிட்டாள் என்று தேர்வாளர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

சமையற்கட்டில் பேச்சாயி அரிவாள்மனையை விட்டு எழுந்து ஓடிவந்தாள். "என்னக்கா, பாசாயிருச்சா?"

"ஆயிருச்சுடி."

"ஐரினுதான?"

"அவளும்தான்" என்றாள் செபாஸ்தியம்மாள். "பெரியத்தையும்."

பேச்சாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அது யாருக்கா, புதுசா சேந்த புள்ளையா?"

செபாஸ்தியம்மாள் சிரித்துக்கொண்டே உலையில் அரிசியைப் போட்டாள். வழக்கமாகப் போடுவதைவிட ஒரு கை கூடுதலாக.