பூஜ்யம் சொன்ன பொய்

ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவருக்குப் ‘பூஜ்யம்’ என்று பட்டப்பெயர். யாரும் சொல்லித் தராமல், தட்டுத்தடுமாறித் தானே கற்ற வேலை. அவர் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிசை, தினமும் மதியம் ஓடும். ஒரு வருடம் ஆன படங்களைப் பெரிய ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்கும் கட்டளையை அழைக்கும். அது பூஜ்யம் என்று திருப்பிச் சொன்னால் வேலை முடிந்தது. ஸ்கேன் மெஷினில் இருப்பதை அழிக்கலாம். வேறு எந்த எண் வந்தாலும் அழிக்காமல் நின்று சென்டர் போனுக்குச் செய்தி அனுப்பும்.

“பூஜ்யம் வந்துச்சா?” என்று உதவியாளனிடம் கேட்காமல் அவர் டீ குடிக்க எழுந்ததில்லை.

அன்று டாக்டர் கூப்பிட்டார். பஸ் ஓட்டும் ஒரு பெண்ணின் தலையில் சின்ன நிழல்.

“போன வருஷப் படம் வேணும். வளந்திருந்தா ஆபரேஷன்.”

டிஸ்கில் படம் இல்லை. மெஷினிலும் இல்லை. டிஸ்க் நிரம்பி மூன்று மாதமாகியிருந்தது. ஸ்கிரிப்டைத் திறந்தார். நகல் கட்டளையின் வாலில் அவர் எழுதாத ஓர் ஒட்டு: தோற்றாலும் பூஜ்யம் என்றே சொல். ஒட்டியது அந்த உதவியாளன், மனைவியின் தம்பி. கையைக் காலைப் பிடித்து இவரே வேலை வாங்கிக் கொடுத்த ஆள்.

“என்ன மாப்ள இது?”

“நீங்க லீவுல இருந்தப்ப, அத்தான்... சாப்பிட உக்காந்தா போதும், போன் கத்த ஆரம்பிச்சிடும். சும்மா கத்துதுன்னு நெனச்சேன்.”

“சரி, நான் வந்தப்புறம்? தினமும் கேட்டேனே. ‘ஜம்முனு வந்துச்சு அத்தான்’னு சிரிச்சியே?”



பஸ் ஓட்டுபவரிடம் இவரே போய்ச் சொன்னார். “உங்க பழைய படம் அழிஞ்சிருச்சும்மா.”

“மெஷின் அழிச்சதா, ஆள் அழிச்சதா?”

“ஆள்தான்.”

நிழல் வளர்கிறதா என்று தெரிய மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அதுவரை அவர் பஸ்ஸைத் தொடக்கூடாது.

பூஜ்யம் அந்த ஒட்டை வெட்டி எறிந்தார். கட்டளை ‘பூஜ்யம்’ என்று சொன்னாலும் டிஸ்கில் போய் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்த பிறகே அழிக்கும்படி எழுதினார். பேச்சை நம்பும் வரி ஒன்றுகூட மிச்சமில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள். “தம்பி சாப்பிட வரேன்னு போன் பண்ணினான். தட்டு வைக்கவா?”

“வாசல்ல வந்து நிக்கட்டும். பாத்துட்டு வை.”