சிவந்த கண்ணும் ஒரு வெல்டிங் ஹெல்மெட்டும்

தாணுமாலையனுக்கு என்னைப் பெண் கேட்டு அவருடைய சித்தி வந்தபோது, என் அப்பா ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டார். குடிகாரனுக்குப் பெண் இல்லையாம். அது 1974. கோட்டாறிலிருந்து பிழைக்க வந்த அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் ஒரு சின்ன இட்லிக் கடை இருந்தது. ஆறுமுகசாமி கடை என்றால் லாரிக்காரர்கள் வரை தெரியும். அவருடைய தம்பி சாராயத்தால் அழிந்து போனவர். அதனால் கண் சிவந்த எவனையும் அப்பா மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தாணுவுக்குச் சொந்த ஊர் ஆரல்வாய்மொழி. நாகர்கோவிலில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தொழில் படித்துவிட்டு, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் கிள்ளிப்பாலத்தில் ஒரு கிரில் பட்டறைக்கு வெல்டராக வந்தவர். கேட்டில் மயில் வேண்டும், தாமரை வேண்டும் என்று யார் கேட்டாலும் கம்பியை வளைத்து ஒட்டிக் கொடுத்துவிடுவார். காலைச் சாப்பாடு எங்கள் கடையில். வாரத்தில் இரண்டு நாளாவது கண் இரண்டும் செம்பருத்தியாகச் சிவந்து, நீர் ஒழுகிக்கொண்டு வருவார். அதைப் பார்த்துத்தான் அப்பா தீர்ப்பு எழுதியிருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? இரண்டாவது வடை கேட்பதற்கு முன்னால், அடுக்களையில் இருப்பவர்கள் சாப்பிட்டாயிற்றா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். ஆகவே சித்தி முகம் வாடிப் போன மறுநாள், அப்பா காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து நேரடியாகவே கேட்டுவிட்டேன், குடிப்பீர்களா என்று. அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

"ஒரு கையில ராடு, மத்த கையில கண்ணாடி முகமூடி. கம்பிய யாரு பிடிப்பா?" என்றார். "முகமூடியத் தாழ வச்சுட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ஒட்டிருவேன்."

இமையை மூடினால் அந்த வெல்டிங் வெளிச்சம் விட்டுவிடுமா? அப்போது ஒன்றும் தெரியாதாம். பொழுது சாய்ந்த பிறகு கண்ணுக்குள் மணலை வாரிப் போட்ட மாதிரி அறுக்குமாம், காலையில் சிவந்திருக்குமாம். இந்த அழகுக்காக என் கல்யாணம் நின்றுபோனதா என்று எனக்கு ஆத்திரம். தலையில் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று கிடையாதா என்றேன். இருக்கிறதாம், பட்டறையில் ஆணியில் தொங்குகிறதாம். கனத்தில் கழுத்து ஒடிந்துவிடும், பட்டை நெற்றியை அறுக்கும், வியர்வையில் வழுக்கும். போதாததற்கு அதன் திருகு லூசு. தாணுவுக்குத் தலையை ஆட்டாமல் பேச வராது. முதலாளி எதைச் சொன்னாலும் 'சரி' என்று ஒரு ஆட்டு. உடனே மேலே தூக்கி வைத்த ஹெல்மெட் மடாரென்று விழுந்து மூக்கில் இடிக்கும். இரண்டு நாள் இடி வாங்கியவர் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

நாள் முழுக்கத் தலையில் வைத்துக்கொள்ளத் தோன்றுகிற ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு மாதம் கண் வெள்ளையாக இருக்கட்டும், பிறகு சித்தியை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு நானே பயந்துதான் போனேன்.

எங்கள் கடைக்கு எதிரே தங்கப்பனின் ஹார்டுவேர் கடை. அடுக்களை ஜன்னலில் நின்றால் எல்லாம் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் உள்ளே போன தாணு சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. பட்டுச் சேலைக்குக்கூட நான் அவ்வளவு நேரம் எடுக்க மாட்டேன். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார், அண்ணாந்து பார்த்தார், குனிந்தார். ஒன்றில் கறுப்புக் கண்ணாடி கீறியிருந்தது. ஒன்று இலேசாகத்தான் இருந்தது, ஆனால் வாசலுக்கு வந்து வெயிலைப் பார்த்து நின்றபோது கண்ணாடியின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்ததாம். இன்னொன்று குனிந்தால் நெஞ்சில் முட்டியது. மாட்டிக்கொண்டு, எதிரில் ஆளே இல்லாமல் 'சரி, சரி' என்று தலையை ஆட்டியும் பார்த்தார். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

தங்கப்பன் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணாச்சி ஹெல்மெட்டு வாங்கான் வந்நதோ, பெண்ணு காணான் வந்நதோ?"

ஹெல்மெட் வாங்கவும் பெண் பார்க்கவும், இரண்டுக்கும்தான் என்று ஜன்னலில் நின்ற நான் முணுமுணுத்தேன்.

கடைசியில் ஒன்று தேறியது. ஃபைபரில் செய்தது. பின்னால் திருகினால் தலைக்குத் தக்கபடி பட்டை இறுகும், நெற்றி படும் இடத்தில் மெத்தென்ற தோல். மரியாதைக்கு ஆட்டினால் மேலேயே நிற்கும். வேலைக்கென்று வெடுக்கென ஆட்டினால்தான் இறங்கும். கறுப்புக் கண்ணாடியைத் தனியாக நாலு எடுத்துப் பார்த்து, குமிழி இல்லாத ஒன்றைப் பொருத்தச் சொன்னார். அன்று முதல் இரண்டு கையும் அவருக்குச் சொந்தமாயின. ஒரு மாதத்தில் கண் குழந்தையின் கண்ணைப் போல் வெளுத்தது. எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

சித்தி மறுபடி வந்தார். அப்பா மசியவில்லை. பெண் கிடைக்கிறவரை ஒரு மாதம் சாராயக் கடைக்கு லீவு விட்டிருப்பான் என்றார். ஆனாலும் மனசு அரித்திருக்க வேண்டும். மறுநாள் மத்தியானம், அரிசி மண்டிக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் சாயங்காலம்தான் வந்தார், அரிசி இல்லாமல்.

அடுத்த நாள் காலையில் அப்பா கல்லாவில் வந்து உட்கார்ந்தபோது கடையே திரும்பிப் பார்த்தது. இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. கன்னத்தில் நீர் வழிகிறது. கள்ளைக்கூட முகர்ந்து பார்க்காத மனிதர்! லாரி புக்கிங் ஆபீஸ் வன்னியராஜ் பக்கத்தில் போய், "அண்ணாச்சி, நீங்களுமா?" என்று மெதுவாகக் கேட்டார். மூலையில் இரண்டு பேர் இலைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார்கள். பாவம், அப்பா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் தாணு வந்தார். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சிரித்திருந்தாலும் நான் மன்னித்திருப்பேன். சிரிக்கவில்லை. வெல்டர்களின் கைவைத்தியமான உருளைக்கிழங்கைச் சீவித் தரச் சொல்லி என்னிடம் வாங்கி, அப்பாவைப் பெஞ்சில் சாய வைத்து, கண் மேல் துண்டுகளை வைத்தார்.

"அண்ணாச்சி, நேத்து பட்டறைப் பக்கம் வந்தியளோ?"

"கேட்டுக்குப் பக்கத்துல நின்னேன்."

"எம்புட்டு நேரம்?"

"ரெண்டு மணிக்கூறு."

தாணு சாராயப் புட்டியை எடுக்கிறாரா என்று இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார் மனிதர். புட்டி வரவில்லை. பார்க்க அங்கே இருந்தது வெல்டிங் நெருப்பு ஒன்றுதான், அதை வெறுங்கண்ணால் நன்றாகப் பார்த்திருக்கிறார். ஏன் வந்தீர்கள் என்று தாணு கேட்கவில்லை, நாளைக்குச் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னார்.

கை கழுவ எழுந்த வன்னியராஜ் போகிற போக்கில், ராத்திரி கொஞ்சம் கூடிப்போச்சோ என்று ஆதரவாக விசாரித்தார். அப்பா கிழங்குத் துண்டை எடுக்காமலே, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"குடிக்கல்ல வேய். எனக்க மருமவனுக்க வேலையப் பாக்கப் போனேன்."

சட்னி வாளியோடு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். தாணு இன்னும் ஒரு கிழங்கு சீவச் சொல்லிக் கொண்டிருந்தார். அப்பா என்ன சொன்னார் என்பது அவர் மண்டையில் ஏற மேலும் கொஞ்ச நேரம் பிடித்தது.