மூன்றாம் அழைப்பு

ஈரானில் கெர்மான் ஊர்த் தையல்காரர் ரூஸ்பே ஆண்டுதோறும் புனித நகரமான மஷ்ஹதுக்குச் சைக்கிளில் போவார். வழிச்சோற்றுக்கு வக்கில்லை, சாப்பிடக் கூப்பிடுபவர்களை நம்பித்தான் பயணம். இரண்டு முறை மறுத்து மூன்றாவது அழைப்புக்கு இசைவதுதான் அங்கே மரியாதை.

அன்று பாலைவன ஏற்றத்தில் சைக்கிளை மிதித்ததில் வயிறு காய்ந்தது. வழியோரம் நின்ற ஒரு லாரியின் நிழலில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே, சாப்பிடலாம்" என்றார் ஓட்டுநர் ஹஷ்மத்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"அட, வாங்கண்ணே!"

"இப்பதான் சாப்பிட்டேன்."

விடியவிடிய லாரி ஓட்டிய ஹஷ்மத்துக்கு மேற்கொண்டு மல்லுக்கட்டத் தெம்பில்லை. "சரி, பாத்துப் போங்க" என்று ரொட்டியைப் பிய்த்தார்.

ரூஸ்பே பெடலை மிதித்துப் பார்த்தார், பசியில் முடியவில்லை. பரம்பரை மரியாதை அந்த இடத்தில் முறிந்தது.

"அண்ணே, இன்னொரு தடவை கூப்பிட வேண்டியது பாக்கி இருக்கே!"

"அட ஆமா, அசதியில மறந்துட்டேன். வாங்..."

அவர் முடிப்பதற்குள் ரூஸ்பே உட்கார்ந்துவிட்டார்.