நான்கு கைகளுக்கு ஒரு ஜோடி கையுறை

வருடம் முழுக்கக் கொதிக்கும் எங்கள் பிரிக்பீல்ட்ஸில், ஒரு மாடிக்கடையில், வெளிநாடு போகிறவர்களுக்குக் குளிர்கோட்டுகளை வாடகைக்கு விடும் அக்கா ஒருவர் இருக்கிறார். சுற்றிலும் தடித்த கம்பளிக் கோட்டுகள். நடுவில் அவர் மட்டும் பருத்தி நைட்டியில், கழுத்தில் ஈரத்துண்டும் கையில் குட்டி பேட்டரி விசிறியுமாக உட்கார்ந்திருப்பார்.

டிசம்பரில் நான்கு நாள் சியோல் போக நானும் கணவரும் திட்டம் போட்டிருந்தோம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

கோட்டு எடுக்கக் கடைக்குப் போனபோது, எங்களுக்கு முன்னால் நின்ற புதுமண ஜோடிக்கு அக்கா இரண்டு கோட்டும் ஒரே ஜோடி கையுறையும் கொடுத்தார்.

“ரெண்டு பேருக்கு இது எப்படிக்கா போதும்?” என்றாள் அந்தப் பெண்.

“வெளிப்பக்கத்துக் கைக்கு ஆளுக்கு ஒண்ணு மாட்டுங்க. நடுவுல இருக்கிற ரெண்டு கையும் இவர் கோட்டு பாக்கெட்டுக்குள்ள போயிடும்லா.”

எங்கள் முறை வந்ததும் அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு ஜோடி கையுறைகளை எடுத்து வைத்தார். எனக்குச் சுருக்கென்றது.

சாலையைக் கடக்கும்போதுகூட என் கையைப் பிடிக்காத என் கணவர், கூரையைப் பார்த்தபடி ஒரு ஜோடியைத் திருப்பித் தள்ளினார். “ஒண்ணு போதும்க்கா.”

அக்கா சிரிக்கவில்லை. விசிறியால் வாயை மறைத்துக்கொண்டார்.

நாங்கள் படியிறங்கும்போது, எங்களைவிட நரைத்த ஒரு ஜோடி மேலே போனது. “அங்கிள், உங்களுக்கும் ஆன்டிக்கும் ரெண்டு ஜோடி கிளவ்ஸ், ஓகே லா?” என்று அக்காவின் குரல் கேட்டது.

அங்கிள் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்ள, இறங்கப்போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார் என் கணவர்.