ஆறு பாட்டில் பாறை

தண்ணீர் வந்துவிடக் கூடாது என்று சாமி கும்பிட்ட விவசாயி மகன் இந்தத் திண்டுக்கல் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் ஏனோதானோ என்று இல்லை. கண்ணை இறுக்கி மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மனமுருகிக் கும்பிட்டேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அறிவு அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படியொன்றும் பெருகிவிடவில்லை என்பதால் வயதின் மேல் பழி போட மாட்டேன்.

வேடசந்தூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு மல்லிகைத் தோட்டம். கிணறு வற்றி, செடிகள் விறகாகிக்கொண்டிருந்தன. போர் போடுவது என்று முடிவானது. தண்ணீர் வந்தால் தோட்டம் பிழைக்கும்; வராவிட்டால் அப்பா மில் பஸ்ஸில் ஏறி நூற்பாலை வேலைக்குப் போக வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவின் குரல் இறங்கிப்போகும். எனக்குக் காரணம் பிடிபடவில்லை. அந்தப் பஸ்ஸில் எப்போதும் பாட்டு ஓடும்.

அதே வாரம்தான் டீச்சர் திடம், திரவம், வாயு நடத்தினார். பள்ளிக் கண்காட்சிக்கு விதவிதமான பாறை கொண்டுவருகிறவன் மேசைக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லலாம் என்றும் சொல்லிவிட்டார். விளக்கம் சொல்வதென்றால் எனக்கு உயிர். விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நான் என்றுமே வைத்துக்கொண்டதில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் போர்த் துளை போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி தோட்டத்துக்குள் வந்து நின்றது. கல்யாண வீட்டில் பொறுக்கிய ஆறு காலித் தண்ணீர்ப் பாட்டில்களோடு நானும் போய் நின்றேன். முதலில் வந்த செம்மண் முதல் பாட்டிலுக்குப் போனது. அடுத்து வெளுத்த சுக்கான் கல். பிறகு இயந்திரம் பாறையைத் தொட்டது. காதைப் பிளக்கும் சத்தத்தோடு சாம்பல் நிறப் புழுதி வேப்பமரத்துக்கு மேலே எழும்பியது.

“மாமா, கல்லு வாயுவாயிருச்சு!” என்று கத்தினேன்.

மாமா அம்மாவின் தம்பி. என்னைக் கேலி செய்வதை ஒரு வேலையாகவே பார்த்துவந்தவர். “ஏலே வாத்தியாரே, அந்த வாயு அம்புட்டும் உன் தலையிலதான் உக்காந்துருக்கு. தட்டிப் பாரு.”

தட்டினேன். மாவு சலித்ததுபோலக் கொட்டியது. பொடியானாலும் கல் திடம்தான் என்ற பாடத்தை என் தலையே எனக்கு நடத்திவிட்டது. கொட்டியதை வீணாக்காமல் மூன்றாவது பாட்டிலில் அள்ளிக்கொண்டேன்.

“ஆழம் போனா கல்லு நெறம் மாறுமுங்க. பாக்கலாமுங்க,” என்று ரிக்காரர் அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். அதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். கூடவே ஒரு ஆபத்தும் புரிந்தது. தண்ணீர் வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். இன்னும் மூன்று பாட்டில் காலியாக இருக்கிறது. அப்போதுதான் கும்பிட்டேன். “சாமி, பாட்டில் நிறையட்டும். அதுவரைக்கும் தண்ணிய விட்டுறாத.”

சாமி அன்று என் கட்சி. கறுப்புப் பொடி வந்தது. காக்காப்பொன் மினுங்கும் வெள்ளைப் பொடி வந்தது. லேசாக ரோஸ் நிறத்தில் ஒன்று வந்தபோது நான் ஆடியே விட்டேன். ஒவ்வொரு புது ராடு மாட்டும்போதும் அப்பா துளையையே பார்த்தார். நான் நிறத்தைப் பார்த்தேன்.

அம்மா காலையிலிருந்து பித்தளைத் தட்டைக் கீழே வைக்கவில்லை. மஞ்சள், பூ, வாழைப்பழம், ஒரு வில்லைக் கற்பூரம். தண்ணீர் பீறிட்டதும் பூஜை போட வேண்டும். பழத்தைக் கேட்டேன்.

“தண்ணி வரட்டும் அப்பு. செத்த நேரம் பொறு.”

சாயங்காலம் தட்டை எட்டிப் பார்த்தேன். வெயிலிலும் காற்றிலும் கற்பூரம் கரைந்து பொட்டளவுக்கு இளைத்திருந்தது. கொளுத்தவேயில்லை. டீச்சர் சொன்னது அப்படியே! கற்பூரம் தண்ணீராகாமலேயே நேராகக் காற்றில் கலந்துவிடும். என் நெஞ்சு விம்மியது. விளக்கம் சொல்ல இதைவிட நல்ல நாள் வாய்க்குமா?

ரிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். “வெறும் புழுதிதானுங்க வருது. ஈரங்கூட இல்லீங்க. நிறுத்திக்கலாமுங்க.”

மாமாகூட என்னைக் கேலி செய்யவில்லை. நாளெல்லாம் அவ்வளவு சத்தம் கேட்டதற்குக் காதுகள் ஓய்வெடுக்கின்றன என்று நினைத்தேன். அம்மா தட்டை முந்தானையால் மூடினாள். பழத்தை ஈ மொய்க்காமல் எனக்காகத்தான் மூடுகிறாள் என்று நினைத்தேன். யாராவது நல்ல வார்த்தை சொன்னால் தேவலை என்று பட்டது. அந்த வேலைக்கு என்னைவிட்டால் ஆள் ஏது? வரப்பில் உட்கார்ந்திருந்த அப்பாவின் காலடியில் ஆறு பாட்டில்களையும் வரிசையாக அடுக்கிவைத்து, மேசைக்குப் பின்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றேன்.

“அப்பா, திடம் கெடச்சிருச்சு. கற்பூரத்துல வாயுவும் கெடச்சிருச்சு. திரவம் மட்டுந்தான் பாக்கி!”

அப்பா கடைசிப் பாட்டிலை எடுத்து, அதன் மேல் படிந்திருந்த புழுதியைக் கட்டைவிரலால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“எனக்கும் அது ஒண்ணுதான்டா பாக்கி.”